மேகலா ஒரு கட்டை இறங்கிப் பாடிய கேசட்

ஒலிப்பதிவுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாராவது என்னை எங்கேனும் பார்த்துவிட்டால், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்த கையோடு கேட்பது ஒன்றுதான். மேகலா திரும்ப வந்து பாடிய அந்தக் கேசட்டில் அந்தச் சத்தத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? வெளிநாட்டு மெஷின் ஒன்று ரகசியமாக வந்திறங்கியதாக ஒரு தம்பி சொன்னார். மைக்கைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டதாக இன்னொருவர். நான் எதையும் மறுப்பதில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பெருமை தானாக நடந்து வந்தால் அதை ஏன் வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும்?

கொஞ்ச நாள் முன்பு உங்களில் ஒரு பெண் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். ஏதோ ஒரு பாட்டின் வேகத்தைக் குறைத்து, குரலைக் கனமாக்கி, மழை பெய்யும்போது கேட்பதற்கென்று யாரோ செய்திருக்கிறார்கள். "இதெல்லாம் உங்க மேகலா கேசட்டுலேர்ந்து வந்ததுதான் சார்" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. ஏனென்றால் அந்தக் கேசட் அப்படி வராமலே போயிருக்கும். அது எப்படிப் பிழைத்தது என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்தெரு ஒன்றில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. முன்பு அட்டைப்பெட்டி செய்துகொண்டிருந்த கொட்டகை. சுவரெல்லாம் கோணி, கோணிக்கு மேல் திரைத்துணி. ஒரு பக்கத்துப் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ், இன்னொரு பக்கம் லேத். வார நாட்களில் உள்ளே உட்கார்ந்தால் நாற்காலியே நடுங்கும். அதனால் எங்கள் பதிவெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான். அன்றைக்குப் பேட்டை மொத்தமும் தூங்கும். சைரன் கிடையாது, லாரி கிடையாது. வேப்பம்பழம் தகரக் கூரை மேல் விழுந்து உருண்டு போவது வரைக்கும் கேட்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவே நான் அந்த வேலையில் இருந்தேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மேகலா வெள்ளானூர்க்காரர். வீட்டில் எல்லோரும் வயலில் கூலி வேலை செய்தவர்கள், பிறகு ஒவ்வொருவராகத் தொழிற்சாலைக்கு வந்தவர்கள். அவர் மெல்லிசைக் குழுவில் பாட வந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் பாப் பாட்டுகளாக ஒரு கேசட் பாடினார். ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் அது ஓடாத டீக்கடை இல்லை. மெல்லிய, துள்ளுகிற குரல். கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை பாடுவது போல இருக்கும். அப்புறம் கல்யாணம், குழந்தை, முகப்பேரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலை. பாடக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. பாட வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

தொண்ணூறுகள் பிறந்த கொஞ்ச காலத்தில் எங்கள் கேசட் கம்பெனி முதலாளிக்கு என்ன தோன்றியதோ, மேகலாவைத் தேடிப் பிடித்தார். "ஒரே ஒரு கேசட். பழைய மேகலா மாதிரியே இருக்கணும். ஜனங்க எடுத்துக்கினா அடுத்தது பேசலாம். இல்லைன்னா இதோட வுட்டுடணும்" என்றார். மேகலா தலையாட்டினார். வீட்டில் பேசி, பள்ளியில் பேசி, மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தார். இது போனால் இனி வகுப்பறையில் பாடும் பாட்டு மட்டும்தான் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இசையமைப்பு கிடார் தாஸ். மேகலா சின்ன வயதில் பாடிய குழுவில் கிடார் வாசித்தவர். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர். அந்த மரியாதையால்தான் வம்பு வந்தது.

உங்களுக்கு இது விநோதமாக இருக்கும். அந்த நாளில் மெல்லிசைக் குழுக்களில் பாடகியின் சுருதி என்பது ஒரு தடவை எழுதிவைத்தால் அழியாத விஷயம். ஐந்தரைக் கட்டை என்றால் கடைசி வரைக்கும் ஐந்தரைக் கட்டைதான். கட்டை என்பது சுருதியின் உயரம், அவ்வளவுதான். வயதாகும், பிள்ளை பெறுவார்கள், குரல் கொஞ்சம் இறங்கும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் "இப்ப என்ன கட்டைங்க?" என்று ஒரு பாடகியைக் கேட்டால், உன் குரல் போய்விட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். கேட்டவரோடு அவர் அப்புறம் பேச மாட்டார். பாடகிகளும் தாங்களாக வாயைத் திறக்க மாட்டார்கள். எட்டாத சுருதியில் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுவார்களே தவிர, ஒரு கட்டை இறக்குங்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

தாஸும் கேட்கவில்லை. மேகலா என்றால் ஐந்தரை என்று அவர் மனசில் இருந்தது. கேட்காமலே எல்லாப் பாட்டுக்கும் ஐந்தரைக் கட்டையில் வாத்தியங்களை வாசிக்க வைத்து டேப்பில் ஏற்றிவிட்டார். அந்த இசையைக் காதில் கேட்டுக்கொண்டு மேகலா பாட வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேகலா வெளிர் மஞ்சள் புடவையில் வந்தார். பல்லவி சரியாக வந்தது. சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் விரிந்து, பிறகு உடைந்தது. மறுபடி பாடினார். மறுபடி உடைந்தது. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாஸ் தன் கிடாரில் இல்லாத தூசியைத் துடைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேகலா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தாஸ் என்னை வெளியே கூட்டிப்போனார். "தப்பு என்னுதுதான் அண்ணாத்தே. கேக்காம போட்டுட்டேன். ஆனா எப்டி கேக்கறது சொல்லு. தொண்டை எறங்கிச்சான்னு ஒரு பொம்பளைகிட்ட கேக்க முடியுமா?" வாசித்தவர்கள் எல்லோரும் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களை மறுபடி கூட்ட முதலாளி சம்மதிக்க மாட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேரும் நிழலில் நின்றோம்.

உள்ளே திரும்பியபோது மேகலா என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தாஸ் காதில் விழாத குரலில் சொன்னார்.

"சார், உங்ககிட்ட வேகத்தைக் கொறைக்கிற திருகாணி இருக்குல்ல. டேப்பை மெதுவா வுடுங்க. அப்ப சுருதி எறங்கிடும், நான் பாடிடுவேன். அப்புறமா பழைய வேகத்துக்கே ஏத்திட்டீங்கன்னா என் குரலும் கூடவே மேல போயிடும். அந்தக் காலத்துக் குரல் மாதிரியே வந்துடும். யாருக்கும் தெரியாது."

தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்தான். ஆனால் ஒரு பாடகி தானே வந்து கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் திருகாணியைத் திருப்பி டேப்பின் வேகத்தைக் குறைத்தேன். ஒரு கட்டை இறங்கியது. அடுத்து நடந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. தாஸின் இசை துள்ளல் இசைதான். வேகம் குறைந்ததும் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. தாளம் தண்ணீரில் இறங்கி நடப்பது போல நடந்தது. கிடார் ஒவ்வொரு தந்தியாக, அவசரமே இல்லாமல், விழித்தும் விழிக்காத மாதிரி ஒலித்தது. இசையில் வரும் கைதட்டல் சத்தம்கூட எங்கோ பக்கத்துத் தெருவில் யாரோ கதவைத் தட்டுவது போல வந்தது. அதன் மேல் மேகலாவின் குரல் வந்தது. கனமான, நடுவில் லேசாகக் கரகரக்கிற குரல். வகுப்பறையில் கத்திக் கத்தி, ராத்திரியில் குழந்தையைத் தூங்கவைத்து, இத்தனை வருஷம் வாழ்ந்த ஒருத்தியின் குரல். எந்த இடத்திலும் உடையவில்லை. தகரக் கூரை வெயிலில் சடசடத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் வருவது போலவும், இதுவரை தூங்கிக்கொண்டிருந்து இப்போதுதான் விழித்தது போலவும் இருந்தது. பாட்டு முடிந்ததும் டேப்பை நிறுத்த மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கதவோரம் நின்ற தாஸ் பற்றவைத்த சிகரெட்டை இழுக்கவே இல்லை. "இன்னா அண்ணாத்தே இது" என்று மட்டும் சொன்னார்.

பிறகு வேகத்தைப் பழையபடி ஏற்றி ஓட்டினேன். அந்தச் சின்னப் பிள்ளைக் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. மேகலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், சந்தோஷத்தில். "இதுதான் சார் நான்" என்றார். அதே மாதிரி அடுத்து வந்த ஞாயிறுகளில் எல்லாப் பாட்டையும் பாடி முடித்தார். முதலாளி வந்து வேகப் பதிவைக் கேட்டார். "அடடே, அதே மேகலா" என்று தாஸின் தோளைத் தட்டினார். பொங்கலுக்கு முன்னால் கேசட் கடைக்கு வந்தாக வேண்டும், அடுத்த திங்கட்கிழமை காலையில் டேப் தன் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் எது நல்ல பாட்டு என்று என் காதுக்குத் தெரியும். தாஸுக்கும் தெரியும்.

அவர் ஒரு யோசனை சொன்னார். "மெதுவா ஓடறதையே நைசா குடுத்துடு. பிரதி போட்டு ஊரெல்லாம் போனப்புறம் இன்னா பண்ணிடுவாங்க? நல்லா ஓடிச்சுன்னா முதலாளியும் சிரிப்பாரு, மேகலாவும் சிரிக்கும்."

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். அப்படிச் செய்திருந்தால் கேசட் இதே கேசட்டாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் இதே மாதிரி என்னைப் பாராட்டியிருப்பீர்கள். ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. திருகாணி நம் கையில் இருக்கிறது என்பதற்காகக் குரல் நம்முடையது ஆகிவிடாது. இன்றைக்கு உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பாடகரைக் கேட்காமலே அவர் குரலை இழுக்கிறீர்கள், வளைக்கிறீர்கள், வழவழப்பாக்குகிறீர்கள். அவர் பாட்டைக் கேட்டுவிட்டு இது யார் என்று விழிக்கிறார். எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வரும். எது நல்லது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்ததை அவரிடம் சொல்லுங்கள், சண்டை போடுங்கள், முதுகுக்குப் பின்னால் மட்டும் செய்யாதீர்கள்.

நான் மேகலாவிடம் நேராகச் சொன்னேன். மெதுவாக ஓடுகிறதே நல்லது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்க காதுக்குப் புடிச்சிருக்குன்னு நான் தோத்துப் போகணுமா சார்? அதைக் கேட்டா மேகலாவுக்குக் குரல் போயிடுச்சுன்னுதான் சொல்வாங்க. எனக்கு இருக்கறது இந்த ஒரு கேசட்டு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசியில் ஒன்று கேட்டேன். அந்த ஞாயிறு முத்தாபுதுப்பேட்டையில் தாஸின் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். ஒரு கேசட்டில் ஒரு பக்கம் வேகமானது, மறுபக்கம் மெதுவானது, இரண்டையும் அங்கே போட்டுக் கேட்போம். கேட்டுவிட்டு நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதைத் திங்கட்கிழமை கொடுக்கிறேன், மறுபேச்சு பேச மாட்டேன் என்றேன். மனசில்லாமல்தான் ஒத்துக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. தெருவை அடைத்துப் பந்தல். சிவப்பும் மஞ்சளுமான துணி வழியாக வெயில் இறங்கி எல்லோர் முகத்திலும் நிறம் பூசியிருந்தது. மேகலா தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தாஸ் கேசட்டை ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்தார்.

முதலில் வேகமான பக்கம். நாலு வரி போவதற்குள் பந்தியிலிருந்து ஒரு பெண் நிமிர்ந்தார். "ஏய், மேகலா பாட்டுடி." பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "ஆமாம்டி, நான் இஸ்கூல் போறப்ப எங்க ஊட்டாண்ட எப்பப் பாத்தாலும் இதான்." மேகலா என்னைப் பார்த்தார், பார்த்தீர்களா என்று கேட்பது போல. அவர் முகம் மலர்ந்திருந்தது. பையன்கள் தோளை ஆட்டினார்கள். எல்லோரும் சாம்பாரை, நகைக்கடையை, யாரோ வராததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். "பழைய பாட்டு பழைய பாட்டுதான்" என்று இன்னொருவர் சொன்னார்.

அது பழைய பாட்டு இல்லை. மேகலா போன மாதம் பாடிய புதுப் பாட்டு. அதை யாரும் கவனிக்கவே இல்லை. மேகலாவின் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்ததை நான் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கவே முடியாமல் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒலிபெருக்கிக்காரர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். அந்தத் தாளம் தண்ணீரில் இறங்கி நடக்கத் தொடங்கியது. முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் பேச்சு தணிந்தது. நின்றுவிடவில்லை, கூட்டத்தில் பேச்சு எங்கே நிற்கும். ஆனால் தணிந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். பந்தல் துணி லேசாக உப்பி அடங்கியது. அந்தக் குரல் தெரு முழுக்க, வீட்டு மாடிகள் வரைக்கும், எல்லோருக்கும் மேலே படர்ந்து தங்கியது. நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ பாட்டைக் கேட்டிருக்கிறேன். அந்த மத்தியானத்தை இன்னொரு தடவை யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

மேகலாவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஞாயிறும் ஓடுகிற ஏதோ கம்பெனியில் ஷிப்டு முடித்து, கம்பெனிச் சட்டையோடு நேராக வந்திருக்கிறார் போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மூடிய கண்ணோடே கேட்டார்.

"யார்க்கா இது பாடறது?"

மேகலா கொஞ்சம் தயங்கினார். "தெரியலையே."

அந்தக் குரலில் மேகலாவை யாருக்கும் தெரியவில்லை. அவர் பயந்ததுதான் நடந்தது. நானே அவரைக் கூட்டிவந்து அதைக் காட்டிவிட்டேன். திங்கட்கிழமை வேகமான டேப்பைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

பாட்டு முடிந்தது. அந்தப் பெண் கண்ணைத் திறந்து ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அண்ணாத்தே, இத்தையே இன்னொரு தபா போடு." அவர் ஏதோ கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இரு இரு என்று கையாட்டினார். அந்தப் பெண் சலித்துக்கொண்டு மறுபடி சாய்ந்தார்.

"நான்தான் பாடினேன்" என்றார் மேகலா.

அந்தப் பெண் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். "சும்மா வெளாடாதக்கா."

"நெசமாத்தான்."

"அப்ப பாடு, பாக்கலாம்."

மேகலா என்னைப் பார்க்கவில்லை. தாஸைப் பார்க்கவில்லை. முந்தானையைத் தோளுக்கு இறக்கிவிட்டார். இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மைக் இல்லாமல், எந்த வாத்தியமும் இல்லாமல், தனக்கு எது வருகிறதோ அந்த உயரத்தில் பல்லவியை எடுத்தார். பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். எழுந்து கை கழுவப் போனவர்கள் ஈரக் கையோடு நின்றார்கள். சரணத்தில் அந்த ஏறுகிற இடம் வந்தது. ஏறினார். கரகரப்போடு, அவசரமில்லாமல், வழுவாமல் ஏறினார். தாஸ் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். நான் வெளிப்படையாகவே அழுதேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பாடி முடித்ததும் அந்தப் பெண் தன் நாற்காலியை மேகலா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அக்கறையாகக் கேட்டார்.

"சோக்கா பாடற. ஆனா சளி புடிச்சிகினு கீதாக்கா? தொண்டை கரகரன்னு கீதே."

"இல்லம்மா" என்றார் மேகலா. "என் தொண்டையே இப்ப இதுதான்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், நாளைக்கு மெதுவா ஓடறதையே குடுத்துடுங்க. கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."